ரெடி என்று சொன்னது நான்தான்

மேற்குத் தாம்பரம்,
வியாழக்கிழமை

பாசமுள்ள ஆரோன் அண்ணாவுக்கு, சித்தி மகள் கெசியா எழுதுவது.

முதலில் என் கண்ணில் பட்டது பஞ்சு. ஸ்டேடியம் வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த செக்யூரிட்டிக்காரரின் இரண்டு காதிலும் கோலிக்குண்டு அளவுக்குப் பஞ்சு அடைத்திருந்தது. கச்சேரி தொடங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. இப்போதே அடைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்து, பக்கத்தில் நின்ற பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லி, வந்த வழியே ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நலம் விசாரிக்காமல் பஞ்சிலிருந்து ஆரம்பித்துவிட்டேன், மன்னியுங்கள் அண்ணா. புனேயில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தினமும் சப்பாத்தி என்பது பழகிவிட்டதா? இங்கே கர்த்தருடைய கிருபையால் எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், எழுந்திருக்கிறோம். அப்பா கம்பு இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார். அம்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்லியிருப்பார், நான் எழுதுவது தெரிந்திருந்தால். இதற்கு மேல் ‘நலம்’ என்று எழுதக் கை வரவில்லை.

பெரியம்மா மூன்று வாரமாக உங்கள் போனை எடுப்பதில்லை. “அம்மாக்கு என்னாச்சு கெசியா?” என்று நீங்கள் எனக்குப் பதினோரு முறை செய்தி அனுப்பிவிட்டீர்கள். பதினோரு முறையும் “தெரியலண்ணா” என்று பதில் போட்டேன். எனக்குத் தெரியும். காரணம் நான்தான். போனில் இதைச் சொல்ல முடியாது. எழுத ஆரம்பித்த உடனே நான் எழுதிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரிந்துவிடும், நான் பயந்துபோய் அழித்துவிடுவேன். அதனால் கடையில் வேலை முடிந்த பிறகு, மனுவுக்கென்று வைத்திருக்கும் நீளத் தாளில் எழுதுகிறேன். எங்கள் கடைக்கு மனு அடிக்க வருகிறவர்கள், எவ்வளவு பெரிய விவகாரமாக இருந்தாலும், “நடந்தது என்னவென்றால்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படியே ஆரம்பிக்கிறேன்.

நடந்தது என்னவென்றால், அப்பாவுக்குக் கால் உடைந்த வருடம் நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்க உட்கார்ந்தேன் இல்லையா, அப்போது நீங்கள் ஒரு பழைய ஹெட்போனையும் பென்டிரைவையும் கொடுத்து, “மனு அடிச்சு அடிச்சு நீயே ஒரு மனுவா ஆயிடப் போற. இதக் கேளு” என்றீர்கள். நாற்பத்திரண்டு பாட்டு, எல்லாம் ஒரே குழு. புரியாத வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடிப் பார்ப்பேன், வாயைத் திறக்காமல். பட்டா மாறுதலுக்கு கிடார் பாட்டு சரியாக வரும். வாரிசுச் சான்றிதழ் என்றால் ட்ரம்ஸ். ஒரு படகு யாரையோ கரையில் விட்டுவிட்டுக் கிளம்பிப் போகிறதே, அந்தப் பாட்டை மட்டும் எந்த மனுவோடும் கேட்க மாட்டேன். அதற்கென்று மதியம் சாப்பிடும் நேரத்தை ஒதுக்கி வைத்திருந்தேன்.

எனக்கு இருந்த ஒரே கஷ்டம் அந்தக் குழுவின் பெயர். நார்த் ஜெட்டி. இங்கிலீஷில் ஜெட்டி என்றால் படகுத்துறை என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். தமிழில் அது என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. “என்ன பாட்டுடி கேக்குற?” என்று அம்மா கேட்டால் “நார்த்” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மீதிப் பாதி தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். அப்பாவும் தம்பியும் இருக்கிற வீட்டில் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் அதற்கு நார்த் என்றுதான் பெயர். அப்பா அதை ‘வடக்கத்திப் பாட்டு’ ஆக்கிவிட்டார்.

உங்களுக்கும் உங்கள் ரூம் நண்பர் எபி அண்ணாவுக்கும் எடுத்திருந்த இரண்டு டிக்கெட்டையும், லீவு கிடைக்கவில்லை என்று எனக்கு அனுப்பினீர்கள். “யாரையாவது கூட்டிட்டுப் போ. முன்னாடி நின்னு எனக்கும் சேத்துக் கத்து” என்றீர்கள். கத்துவது இருக்கட்டும், கூட்டிக்கொண்டு போக எனக்கு யார் இருக்கிறார்கள்? என்னோடு படித்த சத்யபிரியாவைக் கேட்டேன். அவள் அம்மா ‘ஸ்டேடியம்’ என்ற வார்த்தைக்கே கதவைச் சாத்திவிட்டார். டிக்கெட்டைக் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று நான்கு நாள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். ஐந்தாம் நாள் கோவிலம்பாக்கத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார்கள். நான் பேப்பரோடு நடப்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவர்களிடம் எதை மறைக்க முடியும்?

“கைல என்னடி பேப்பரு?”

“டிக்கெட்டு பெரிம்மா. ஸ்டேடியத்துல... பாட்டு. ஆரோன் அண்ணா அனுப்பிச்சாங்க.”

பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்கள். பேப்பரின் நடுவில் கொட்டை எழுத்தில் ‘ரிவைவல் டூர்’ என்று இருந்தது. பத்து வருடம் பிரிந்திருந்துவிட்டு மறுபடி சேர்ந்து பாடுகிறார்கள், அதனால் அந்தப் பெயர் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பெரியம்மாவுக்கு ரிவைவல் என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

“எழுப்புதல் கூட்டமா! எந்த ஊழியம்டி?”

“நார்த்...” என்றேன். வழக்கம்போல அங்கேயே நின்றுவிட்டது.

“வட இந்திய ஊழியம்! ஸ்தோத்திரம்! எம் புள்ளயா அனுப்பினான்? ஆரோனா?” என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். “பாத்தியாடி? சபைல கீபோர்டு வாசிக்க மாட்டேன்னு எழுந்து போனவன். மூணு வருஷமா முழங்கால்ல நின்னேனே, வீண் போகல. டிக்கெட்டு எடுத்து அனுப்பியிருக்கான்! அதுவும் ரெண்டு! ஒண்ணு எனக்குத்தான். நேரா சொல்ல வெக்கம், இவ கைல குடுத்து அனுப்பியிருக்கான்.” கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

என் கட்டைவிரல் குழுவின் பெயரில் பின்பாதி மேல் இருந்தது. வேண்டுமென்று வைக்கவில்லை. வைத்த பிறகு எடுக்கவும் இல்லை. அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “எழுப்புதல் கூட்டம்னா போய்ட்டு வரட்டும், பெரியம்மாவும் கூடப் போறாங்கல்ல” என்றார். நான்கு நாள் நடந்தும் கிடைக்காத அனுமதி அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. வெட்கத்தால்தான் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கம் பாதிதான் அண்ணா. மீதிப் பாதி ஆசை.

அன்றைக்குப் பெரியம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். கோவிலம்பாக்கத்துக்குப் பரங்கிமலை ஸ்டேஷன்தான் பக்கம். ஆனால் ‘தாம்பரத்துல ஏறினாத்தான் ஜன்னல் சீட்டு’ என்று மேடவாக்கம் வழியாகத் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஒரு மணி நேரத்தில் தாம்பரம் வந்து சேர்ந்தார்கள். ஜிப் வைத்த உறையில் வேதப் புத்தகம், பிரசங்கக் குறிப்பெடுக்க ஒரு நோட்டு, இரண்டு பேனா, குடை, பிளாஸ்கு, இரண்டு அடுக்கு எலுமிச்சைச் சாதம். ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் நாங்கள் எங்கே போகிறோம் என்று சொல்லி, அவருடைய ஆத்துமாவைப் பற்றிக் குரோம்பேட்டையில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். பல்லாவரத்தில் அவர் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார். அவர் தப்பித்துப் போன மாதிரி நானும் எங்காவது இறங்கியிருக்கலாம். எனக்கோ, இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்தப் பாட்டைக் காதாலேயே நேராகக் கேட்கப் போகிறோம் என்ற நினைப்புதான், மடியில் இருந்த பை மேல் விரலால் ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் பஞ்சைப் பார்த்ததும் பெரியம்மாவுக்குள் இருந்த நர்ஸ் எழுந்துவிட்டார். “என்னப்பா, காதுல சீழா? எத்தன நாளா?”

அவர் “ஆங்?” என்றார். பிறகு ஒரு காதுப் பஞ்சை மட்டும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “சீழும் இல்ல ஒண்ணும் இல்லமா. உள்ள போனாக்க உனுக்கே தெரியும்” என்றார். பையைத் திறந்து பார்த்தார். “இன்னாமா இது, கட்டுசாதம்லாம் எட்த்துகினு வந்துகீற? சாப்பாடு நாட் அலவ்டு. பிளாஸ்கு நாட் அலவ்டு. கொட நாட் அலவ்டு. இது இன்னா புக்கு?”

“வேதம்பா.”

அவர் புத்தகத்தைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது போல. “இது லிஸ்ட்ல இல்ல. எட்த்துகினு போ” என்றார்.

பெரியம்மா எலுமிச்சைச் சாதத்தை அவர் கையிலேயே கொடுத்து, “நீயே சாப்டு தம்பி. உன் காதுக்கு நான் உள்ள ஜெபம் பண்றேன்” என்றார்கள்.

“எனுக்கு இன்னாத்துக்குமா ஜெபம்? நீ பத்ரமா திரும்பி வா, அது போதும்.”

உள்ளே நாற்காலியே இல்லை. நீங்கள் எடுத்தது நின்று கேட்கிற டிக்கெட். “முழங்கால் போட எவ்ளோ வசதியா விட்டிருக்காங்க பாரு” என்றார்கள் பெரியம்மா. சுற்றிலும் கறுப்பு டீ-ஷர்ட், நெஞ்சில் மண்டையோடு. “கபாலஸ்தலம், ஏசுவ அறைஞ்ச எடம்! இன்னிக்கு சிலுவைப்பாட்டப் பத்திதான் செய்தி போல.” தோள் வரை முடி வளர்த்த பையன்கள். “நசரேய விரதம்டி, கத்தி படக் கூடாது.” மேடையில் குழுவின் பெயரை முள்கம்பி பின்னினது மாதிரி எழுதியிருந்தார்கள், யாராலும் படிக்க முடியாது. “எபிரெயு எழுத்தா இது?” எல்லாக் கேள்விக்கும் பதிலைப் பெரியம்மாவே வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது.

எங்கள் பக்கத்தில் சூர்யா என்று ஒரு காலேஜ் பையன், முடி நீளமாக. கூடவே அவன் வகுப்பில் படிக்கிற சினேகா. பெரியம்மா அவனிடம், “தம்பி, நீ எப்ப உள்ள வந்த?” என்று கேட்டார்கள். விசுவாசத்துக்குள் எப்போது வந்தாய் என்று அர்த்தம்.

“மூணு மணிக்கே வந்துட்டேன் ஆன்ட்டி.”

“அதக் கேக்கலப்பா. இவங்க மூலமா உனக்கு என்ன கெடச்சுதுன்னு கேக்குறேன்.”

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “ரெண்டு வருஷம் முன்னாடி ரூம விட்டே வெளிய வர மாட்டேன் ஆன்ட்டி. சாப்புட மாட்டேன். யார்கிட்டயும் பேச மாட்டேன். இவங்க பாட்டு கேட்டுத்தான் எழுந்து உக்காந்தேன்” என்றான்.

பெரியம்மா நோட்டைத் திறந்து தேதி போட்டு எழுதிக்கொண்டார்கள். “சாட்சி! எழுந்து உக்காந்தேன்னு சொல்றான் பாரு. இதுக்குப் பேர்தாண்டி எழுப்புதல்.”

வெயிலும் நெரிசலுமாக இருந்ததில் சினேகா திடீரென்று மடங்கி விழுந்தாள். பெரியம்மா ஒரு கையை அவள் தலைமேல் ஜெபத்துக்கு வைத்தார்கள், இன்னொரு கையை மணிக்கட்டில் நாடிக்கு வைத்தார்கள். நாடி பார்த்த கை முதலில் முடிவு செய்துவிட்டது. “ஆவி எறங்குன அபிஷேகம் இல்ல, காலைலேர்ந்து சாப்புடல. தள்ளுங்கப்பா! காத்து விடுங்க! யார்ட்டயாவது சக்கரை இருக்கா?” என்று ஒரு அதட்டல். மண்டையோட்டுச் சட்டை போட்ட முப்பது பேர் வார்டில் நிற்பது போல ஒதுங்கி நின்றார்கள். யாரோ சாக்லேட் கொடுத்தார்கள். சினேகா எழுந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்த நிமிடம் வரை எல்லாம் எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஐந்தரை மணிக்குக் குழு மேடைக்கு வந்தது. அண்ணா, சத்தம் காதில் கேட்காது, பல்லில் கேட்கும். நான் பெரியம்மாவின் கையைத் தேடினேன். அவர்கள் கண்ணை மூடி இரண்டு கையையும் உயர்த்தியிருந்தார்கள். சுற்றியிருந்த எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள் என்பதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான்கு பாட்டு போனது. ஐந்தாவதாக அந்தப் படகுப் பாட்டு. ட்ரம்ஸ் நின்று கிடார் மட்டும் கேட்கும் இடத்தில் ஸ்டேடியம் முழுக்க வாய்விட்டுப் பாடியது. அவ்வளவு சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது என்று தெரிந்ததும் நானும் பாடினேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லக்கூடக் குரல் வராதவள் வாயைத் திறந்து இரண்டு வரி பாடினேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாவது வரியில் பெரிய திரையில் பெரியம்மா வந்தார்கள். கறுப்புக் கடலுக்கு நடுவில் ஒரே ஒரு வெள்ளைச் சேலை, கேமராக்காரர் விடுவாரா? கண் மூடி, கை உயர்த்தி, கன்னமெல்லாம் கண்ணீர். ஸ்டேடியமே “ஆன்ட்டி! ஆன்ட்டி!” என்று கத்தியது. திரையின் ஓரத்தில் என் பாதி முகமும் தெரிந்தது. நான் சட்டென்று உட்கார்ந்து துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் காத்திருந்த பாட்டின் மீதியை அடுத்தவர்களுடைய ஷூக்களைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். திரையில் பெரியம்மாவின் வாய் அசைந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. “எம் புள்ளய எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீரே, நன்றிப்பா” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. இன்னொரு பாட்டு வேண்டும் என்று ஜனம் குழுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தது. முழுப் பெயரை யார் சொல்வார்கள்? பின்பாதியை மட்டும். பல்லாயிரம் பேர், கையை ஓங்கி ஓங்கி, “ஜெட்டி! ஜெட்டி! ஜெட்டி!”

பெரியம்மா கண்ணைத் திறந்தார்கள். “கெசியா, என்னடி சொல்றாங்க எல்லாரும்?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம் அண்ணா. இது கூட்டம் இல்லை, கச்சேரி, எனக்கு ஆசை, அதனால் மறைத்தேன், வாங்க போகலாம். இவ்வளவுதான். அப்போது சொல்லியிருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும். நான், “ரெடின்னு சொல்றாங்க பெரிம்மா” என்றேன்.

“ரெடியா?”

“ஏசுவோட வருகைக்கு. ஆயத்தமா இருக்கோம்னு.”

பெரியம்மா முகம் அப்படியே மலர்ந்தது. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையை ஓங்கி, “ரெடி! ரெடி! ரெடி!” என்று தொடங்கினார்கள். கேமராக்காரர் திரும்பி வந்தார். திரையில் வாயசைவு மட்டும்தானே தெரியும். அந்த வாய் ரெடி சொன்னாலும் ஜெட்டி சொன்னாலும் ஒன்றுதான்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல வேண்டும் என்று என்னையும் தங்கள் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் பேசினார்கள். எத்தனை வாலிபர்கள், என்ன தாகம், உட்கார நாற்காலிகூடக் கேட்காமல் மூன்று மணி நேரம் எப்படி நின்றார்கள். “நம்ம வாலிபப் பிள்ளைங்க ஆராதனைக்குப் பத்தரைக்கு வர்றாங்க, அங்க மூணு மணிக்கே வந்து நிக்கிறாங்க. எந் தங்கச்சி பொண்ணும் பாத்தா, கேளுங்க.” சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையை ஆட்டினேன். பின் வரிசைப் பையன்கள் அதற்குள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். வீடியோ சனிக்கிழமையே பரவிவிட்டதாம். ‘ஜெட்டி ஆன்ட்டி’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மாதர் சங்கத்து ஜாஸ்மின் அக்கா, கெட்ட எண்ணத்தில் இல்லை, பாஸ்டருக்குத் தெரியட்டும் என்று தன் போனைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். பாஸ்டர் அதைத் தொட்டதும் பாட ஆரம்பித்துவிட்டது. மைக் பக்கத்தில் இருந்தது. நான்கு ஸ்பீக்கரிலும், தெருவில் இருக்கிற குழாய் ஸ்பீக்கரிலும், “ஜெட்டி! ஜெட்டி! ஜெட்டி!” எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

பெரியம்மா மைக்கை ஸ்டாண்டில் சரியாக மாட்டிவிட்டு, பிரசங்கக் குறிப்பு நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். ஆட்டோவில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, “கூட்டம்னு ஆரோன்தான் சொன்னானா?” என்று கேட்டார்கள்.

நான் மறுபடியும் தலையை ஆட்டினேன். மேலும் கீழும். இதைவிடப் பெரிய பொய்யை நான் வாயால் சொன்னதில்லை.

அன்று மாலை நீங்கள் அந்த வீடியோவைப் பெரியம்மாவுக்கு அனுப்பி, கீழே மூன்று நெருப்புப் படம் போட்டிருந்தீர்கள். அதற்கு ‘பிரமாதம்’ என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். பெரியம்மா போனை அம்மாவிடம் நீட்டி, “பாரு, மூணு நெருப்பு. நரகத்துக்குப் போவேன்னு பெத்தவளுக்கே அனுப்புறான். ஏமாத்தினது பத்தாதுன்னு” என்றார்கள். நான் அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அழுதது வெங்காயத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு பெரியம்மா சபைக்குப் போகவில்லை. ஞாயிறு பள்ளி வகுப்பை ஜாஸ்மின் அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். கடைக்குக்கூட எதிர் வீட்டுப் பிள்ளையைத்தான் அனுப்புகிறார்கள். நீங்கள் லீவில் வந்தால் லாட்ஜில் தங்கிக்கொள்ளட்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கூடத்தில் மெத்தை விரிப்பு போட்டு மூடி வைத்திருந்தார்களே உங்கள் கீபோர்டு, அதை ஒருவருக்குக் கொடுத்துவிடப் பேசி முடித்தாயிற்று. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறாராம். மூன்று வருடமாக அதன்மேல் ஒரு தூசு விழ விட்டதில்லை.

இதுதான் நடந்தது. நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. ரிவைவல் என்பதைத் திருத்தாதது நான், ரெடி என்று சொன்னது நான், ஆட்டோவில் தலையை ஆட்டியது நான். இதைப் படித்ததும் எப்படியாவது பெரியம்மாவிடம் பேசி, “எல்லாம் கெசியா செஞ்சது” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். எனக்கு வாய் வராது. அந்தப் பாட்டை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. பென்டிரைவைக் கடை மேஜையின் அடி டிராயரில் போட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் சும்மா சாப்பிடுகிறேன்.

எபி அண்ணாவுக்கு என் வணக்கம். உங்கள் பிரயாணத்தையும் வேலையையும் ஆண்டவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்வாராக. என்னைப் பற்றி அவரிடம் நல்லதாக ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கை என்று சொல்லிக்கொள்ள இப்போது தகுதியில்லாத,
கெசியா

பி.கு.: பெரியம்மா, மேலே ‘ஆரோன் அண்ணாவுக்கு’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இது வழி தவறி உங்களிடம் வந்த கடிதம் என்று நினைக்காதீர்கள். உறையில் புனே முகவரி எழுதிய பிறகுதான், இது போய்ச் சேர ஐந்து நாள் ஆகும், சனிக்கிழமை அதற்கு முன்னால் வந்துவிடும் என்று தெரிந்தது. அதுவும் பொய். ஐந்து நாள் ஆகும் என்பதால்தான் கடிதமாக எழுத உட்கார்ந்தேன். தபால் பெட்டிக்குள் பாதி நுழைத்த கையை வெளியே எடுத்துக்கொண்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறேன். உங்களுக்கென்று புதிதாக எழுதினால் தைரியம் போய்விடும், அதனால் இதையே தருகிறேன். எலுமிச்சைச் சாதம், எபிரெயு எழுத்து எல்லாம் அண்ணனுக்காக எழுதியது. உங்களுக்கென்றால் கொஞ்சம் குறைத்திருப்பேன். ‘நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வாய் வராது’ என்று எழுதிய இடத்தை மட்டும் படிக்காமல் விட்டுவிடுங்கள். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் மாடி ஏறினேன். அப்படி ஓட முடியாதபடி முதலில் காலிங் பெல்லை அடித்துவிட்டு, தாளைச் சுவரில் வைத்து இந்த வரியை எழுதுகிறேன்.